எழுபது வளைவுக்கு அப்பால்

தோழா!

கொல்லிமலையின் அடிவாரத்திலே காரவள்ளி என்றோர் ஊர். அங்கிருந்து தொடங்குகின்றன, மலைமீதேறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். உல்லாசப் பயணம் செல்வோர் அவ்வளைவுகளை எண்ணி எண்ணி மகிழ்கின்றனர். நோயைச் சுமந்து இறங்குவோரோ, அவற்றை எண்ணி எண்ணி ஏங்குகின்றனர்.

அண்மையில் அவ்வூர்க் கூட்டத்திலே பேசினேன். மருத்துவத் துறையிலே தமிழகம் கண்டுள்ள ஏற்றத்தை எடுத்துரைத்தேன். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்ததையும், 2008-ல் 108 ஊர்தி ஓடத் தொடங்கியதையும், 2022-ல் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதையும் அடுக்கினேன். கையொலி எழுந்தது. மகிழ்ந்தேன், மறுக்கவில்லை.

மேடையை விட்டு இறங்கியதும், மலையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பற்றிக் கொண்டார்.

"எல்லாஞ் சரிங்க தம்பி. சேலத்துல உள்ள படுக்கவெச்சுப் படம் புடிக்கிற காந்தப் பொட்டி இருக்குதே, அது எங்க மலையிலேருந்து எத்தினி தூரமுங்க?"

கிலோமீட்டர்க் கணக்கைச் சொல்ல வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"எங்களுக்கு அது ரெண்டு ஆட்டுத் தூரமுங்க!"

திகைத்தேன். அவர் விளக்கினார். மிளகு பறிக்க மரமேறிய மகன் தவறி விழுந்தான். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பிலே முறிவில்லை என்றார்கள். ஆயினும் கால் மரத்தது. "தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும், எம்.ஆர்.ஐ. எடுங்கள்" என்றனர். வண்டி வாடகைக்கு ஓர் ஆடு. உடன் தங்கியோர் உணவுக்கும், இழந்த கூலிக்கும் மற்றோர் ஆடு. ஆடுகள் விலைபோக எட்டு நாள்! அந்த எட்டு நாளும் அவன் பாயிலே கிடந்தான்.

மேடையிலே நான் அடுக்கியவை அனைத்தும் உண்மை. ஆனால், பெரியவர் உரைத்ததும் உண்மையன்றோ?

தோழா! அந்தப் பொறி யாது, அதன் ஆற்றல் யாது என்பதை நீ அறிந்திருத்தல் வேண்டும். அறியாத ஒன்றுக்காக வாதாட இயலாது.

நம் உடலிலே பாதிக்கு மேல் நீர். நீரிலே ஹைட்ரஜன், அதன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு காந்தம். வலிமைமிக்க காந்தத்தினுள் மனிதனைப் படுக்க வைத்தால், அக்கருக்களிலே ஒரு சிறு பங்கு காந்தத்தின் திசைக்கு இணங்கி அணிவகுக்கிறது. வானொலி அலையை ஏவினால் அந்த அணி கலைகிறது; அலை நின்றதும் மீள்கிறது. மீளும்போது அது எழுப்பும் மெல்லிய குறிப்பைக் கணிப்பொறி படித்துப் படமாகத் தீட்டுகிறது. மருத்துவமனைகளிலே பரவலாக உள்ள பொறியின் வலிமை 1.5 டெஸ்லா, நிலவுலகின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு! எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். இதுவோ மூளையை, தண்டுவடத்தை, தசைநாரைக் காட்டும். எக்ஸ்ரேயின் கதிர்வீச்சும் இதில் இல்லை.

ஒரே அம்பால் பல விலங்குகளைத் துளைத்தான் கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரி என்று படித்திருக்கிறோம். அம்புமின்றி, கத்தியுமின்றி, ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் உடலை ஊடுருவும் வில் இது!

இதைச் சமைத்தவர் யார்? தேவரா, முனிவரா? அல்லர், மனிதர். அடிப்படை உண்மையை 1946-ல் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே கண்டனர். அதைப் படமாக்கும் வழியை 1973-ல் லாட்டர்பர் வெளியிட்டார். விரைவும் செம்மையும் தந்தார் பீட்டர் மான்ஸ்பீல்டு. பின்னிருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிட்டியது. அந்த மான்ஸ்பீல்டு யார் தெரியுமா? 15 வயதிலே பள்ளியை விட்டு வெளியேறி, அச்சுத் தொழிலுக்குப் போன லண்டன் ஏழைச் சிறுவன்! வாய்ப்பு வந்தது, மீண்டும் படித்தார், உலகுக்கு ஒளியானார். நம் மலையிலே மிளகு பறிக்கும் சிறுவர்களுள் எத்தனை மான்ஸ்பீல்டுகளோ, யார் கண்டார்?

இன்னொன்று கேள். வலிப்பு வந்தால் "பேய் பிடித்தது" என்று வேப்பிலை தேடும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. வேலூர் மாவட்டத்திலே சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு என்ன கூறிற்று? வலிப்புக்கு ஆளானோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம், மூளையிலே தங்கிய நாடாப்புழுவின் இளம்புழு என்றது. பேயல்ல தோழா, புழு! உடுக்கடித்தால் புழு ஓடாது. கண்டறிந்து மருந்து தந்தால் தீரும். மூடநம்பிக்கையை நாம் மேடையிலே முழங்கி விரட்டுகிறோம். மூளையின் படமோ முழங்காமலே விரட்டுகிறது. ஆகவே, படம் எட்டாத ஊரிலே பேய் வாழ்கிறது என்பதை மறவாதே.

"மலைமீது கோடிக்கணக்கிலே பொறி வைப்பதா? சில ஆயிரம் பேருக்காகவா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தப் பெரும் பொறிக்குத் தொடர்ந்த மின்சாரம் வேண்டும், காந்தச் சுருளைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் வேண்டும், பயின்ற கைகள் வேண்டும். காவல் தவறினால் அது உயிரையும் குடிக்கும். 2018-ல் மும்பை நாயர் மருத்துவமனையிலே, ஆக்சிஜன் உருளையுடன் உள்ளே சென்ற இளைஞர் ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு மாண்டார். எனவே, மலையுச்சியிலே ஒன்றை நிறுத்திவிட்டு மாலை சூட்டிக்கொள்ளும் வெற்று வேடிக்கையை நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது மூன்று.

முதலாவது, வழி. விபத்து நேர்ந்த அன்று 108 வருகிறது, நன்றி. ஆனால், படமெடுக்கக் குறித்த நாளன்று யார் வருவது? மலைவாழ் நோயாளியைக் காரவள்ளி வழியே இறக்கி, படமெடுத்து, மீண்டும் வீடு சேர்க்க அரசு ஊர்தி வேண்டும். துணை வருவோர்க்குப் படியும் தங்குமிடமும் வேண்டும். காப்பீடு கட்டணத்தைத் தாங்கலாம்; ஆட்டைத் தாங்குவது யார்?

இரண்டாவது, சிறு பொறி. 0.064 டெஸ்லா வலிமையே கொண்ட, சுவரிலுள்ள மின்செருகியிலேயே இயங்கும் நகரும் பொறிக்கு 2020-ல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அது தலையை மட்டுமே காட்டும், தண்டுவடத்துக்கு உதவாது, தெளிவும் குறைவு. ஆயினும், வலிப்புக்கும் மூளைக் கட்டிக்கும் முதற்பார்வைக்கு அது பயன்படுமா என்பதை மலைப்பகுதியிலே சோதித்துப் பார்ப்பதில் என்ன தடை? பெங்களூர் நிறுவனமொன்று உள்நாட்டிலேயே உருவாக்கிய 1.5 டெஸ்லா பொறி 2023-ல் அறிமுகமாயிற்று. அயல்நாட்டை மட்டுமே நம்பியிருந்த காலம் மாறுகிறது. விலையும் இறங்க வேண்டும்.

மூன்றாவது, கைகள். மலையின் பிள்ளைகளுக்கே அப்பயிற்சி தாருங்கள். நோயாளியிடம் அவன் பேச்சிலேயே பேசி அச்சம் போக்க, அவர்களைவிடச் சிறந்தவர் எவர்?

தோழா! கோரிக்கையை எழுதுவது எளிது. உனக்கும் ஒரு பணி உண்டு. உன் கிளைக்குட்பட்ட ஊர்களிலே, படமெடுக்கச் சொல்லியும் போக வழியின்றிக் கிடப்போர் எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று கணக்கெடு. ஏன் போகவில்லை என்று கேட்டெழுது. அந்தப் பட்டியலுடன் ஆட்சியர் அலுவலகப் படியேறு. ஆள்வோர் நம்மவராயினும் ஏறு. நம்மவராயின் உரிமையோடு ஏறு!

நோயின் இருப்பிடத்தை மில்லிமீட்டர் அளவிலே காட்டும் பொறியை மனிதன் படைத்துவிட்டான். நோயாளியின் இருப்பிடத்தை ஆட்சிக்குக் காட்டும் பொறியாக இருக்க வேண்டியவன் நீ!

மீண்டும் காரவள்ளிக்குப் போவேன். அந்தப் பெரியவர் மறுபடி கேட்பார், "எத்தினி தூரமுங்க?" என்று. "ஒரு பகல் தூரம், ஐயா, ஆடு பட்டியிலேயே இருக்கட்டும்" என்று நான் விடை கூறும் நாளை நீ ஆக்கித் தருவாயா?