இருபது லட்சம் பவுண்டு மிச்சம்

போன வாரம் வகுப்பில் ஒரு சின்ன சண்டை. காஸ்ட் அக்கவுண்டிங் சார் வராத பீரியட். பேச்சு எப்படியோ ராணுவ பட்ஜெட் பக்கம் போய்விட்டது. "எந்த டிபார்ட்மெண்ட்தான் எங்க பட்ஜெட்டைக் குறைச்சுக்கோங்கன்னு தானா வந்து சொல்லுது? ராணுவக்காரங்க புலம்புறதும் அந்த ரகம்தான்டா" என்றான் நண்பன் ஒருவன். பாதி வகுப்பு அவன் பக்கம். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஜான் நாட் கதையைப் படித்த பிறகு அந்தத் தலையாட்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி.

யார் இந்த ஜான் நாட்? 1981 ஜனவரியில் மார்கரெட் தாட்சர் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சராகப் போட்டவர். முன்பு அந்த நாற்காலியில் இருந்த பிரான்சிஸ் பிம் செலவைக் குறைக்க முரண்டு பிடித்தார், அதனால் வேறு பதவிக்கு மாற்றப்பட்டார். நாட் ஒரு காலத்தில் மெர்ச்சன்ட் பேங்கர், பிறகு வர்த்தக அமைச்சர். கணக்குப் பார்க்க வந்த ஆள் என்றுதான் கடற்படை அவரைப் பார்த்தது. (பி.காம் படிக்கிற நமக்கும் எங்கே போனாலும் இந்தப் பெயர்தான்!) இத்தனைக்கும் மனிதர் இளவயதில் கூர்க்கா படையில் அதிகாரியாக மலாயாவில் இருந்தவர். சிப்பாய் வாழ்க்கை தெரியாதவர் இல்லை.

அவருடைய சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மொத்த பட்ஜெட் குறையவில்லை. நேட்டோவுக்குக் கொடுத்த வாக்குப்படி வருஷத்துக்கு 3 சதவீதம் கூடத்தான் செய்தது. ஆனால் ஆயுதங்களின் விலை அதைவிட வேகமாக ஏறியது. மேற்கு ஜெர்மனியில் 55,000 வீரர்களை வைத்திருக்க வேண்டும். ட்ரைடென்ட் அணு ஏவுகணைக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும். இரண்டிலும் கை வைக்க முடியாது. அப்புறம் எங்கே வெட்டுவது? கடற்படையில்தான்.

1981 ஜூனில் அறிக்கை வந்தது. 59 ஆக இருந்த டெஸ்ட்ராயர், பிரிகேட் கப்பல்களைச் சுமார் 50 ஆக்குவது. சாத்தம் கப்பல் தளத்தை மூடுவது, போர்ட்ஸ்மவுத் தளத்தைச் சுருக்குவது. புத்தம் புதிய விமானம்தாங்கிக் கப்பல் இன்வின்சிபிளை ஆஸ்திரேலியாவுக்கு விற்க 1982 பிப்ரவரியில் விலையும் பேசியாயிற்று, 17.5 கோடி பவுண்டு.

அறிக்கை வருவதற்கு முன்பே கடற்படைக்கான துணை அமைச்சர் கீத் ஸ்பீட் இதை எதிர்த்து மேடையில் பேசினார். மே மாதமே அவர் பதவி போயிற்று. அது மட்டுமா? தரைப்படை, கடற்படை, விமானப்படைக்குத் தனித்தனியாக இருந்த அந்த அமைச்சர் பதவிகளையே ஒழித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சொந்த லாபம் உள்ளவன் பேசுகிறான் என்றால் அவன் பேச்சில் கொஞ்சம் டிஸ்கவுண்ட் போட்டுக் கேட்கலாம், நியாயம். கடையையே இழுத்து மூடுவதா?

இனி எண்டியூரன்ஸ். தென் அட்லாண்டிக்கில் சுற்றிக்கொண்டிருந்த சிவப்பு வண்ணக் கப்பல். இரண்டு சின்ன பீரங்கி, இரண்டு ஹெலிகாப்டர். போர் என்று வந்தால் அரை நாள் தாங்காது. ஆனால் பாக்லாந்து தீவுகள் பக்கம் பிரிட்டனின் கொடி அதன் உச்சியில்தான் பறந்தது. அதை நிறுத்தினால் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் பவுண்டு மிச்சம். வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பிரபு வேண்டாம், வேண்டாம் என்று திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். கப்பலின் கேப்டன் நிக் பார்க்கரும் எச்சரித்துக்கொண்டே இருந்தார். முடிவு மாறவில்லை.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு செலவை வெட்டினால் என்ன மிஞ்சும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த வெட்டை எதிராளி எப்படிப் படிப்பான் என்பதற்கு எந்த லெட்ஜரிலும் பத்தி கிடையாது. புவனஸ் அயர்ஸில் இருந்த ராணுவ ஆட்சிக்கு லண்டன் கணக்கு வேறு மாதிரி தெரிந்தது: இவர்களுக்கு இந்தத் தீவுகள் மேல் அக்கறை போய்விட்டது. கப்பல் போனதால்தான் போர் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே விலைவாசி, தெருப் போராட்டம், நாற்காலி ஆட்டம் என்று சொந்தக் காரணங்கள் நிறைய. ஆனாலும் பின்னால் விசாரித்த பிராங்க்ஸ் குழு, அந்த நேரத்தில் எண்டியூரன்ஸை விலக்குவதாக அறிவித்தது உசிதமல்ல என்று 1983ல் எழுதியது.

1982 ஏப்ரல் 2ல் ஆர்ஜெண்டினா இறங்கியது. அதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 31 மாலை, கடற்படைத் தளபதி ஹென்றி லீச் சீருடையோடு நாடாளுமன்றத்துக்கே போனார். அங்கே தாட்சரின் அறையில் நாட்டும் இருந்தார், நம்பிக்கை இல்லாமல். லீச், படையை அனுப்ப முடியும், அனுப்பவும் வேண்டும் என்றார். இருபது மாதமல்ல, ஒன்பதே மாதம் முன்னால் யாருடைய பேச்சைப் புலம்பல் என்று தள்ளினார்களோ அந்த ஆள்! ஏப்ரல் 5ல் விமானம்தாங்கிகள் புறப்பட்டன. ஒன்று விற்றுப்போன இன்வின்சிபிள், இன்னொன்று ஓய்வுக்குக் காத்திருந்த ஹெர்மிஸ். ராப்பகலாக அவற்றைத் தயார் செய்த போர்ட்ஸ்மவுத் தொழிலாளர்கள் ஆட்குறைப்பு நோட்டீஸ் வாங்கியவர்கள். அந்த வேலையைச் செய்யும்போது அவர்கள் மனசு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பிரிட்டிஷ் வீரர்கள் 255 பேர், ஆர்ஜெண்டினா வீரர்கள் 649 பேர், தீவுவாசிகள் 3 பேர் செத்தார்கள்.

முக்கால்வாசி என்று சொன்னேனே, மீதி கால்வாசி இதுதான். மேற்பரப்புக் கப்பல்கள் ஏவுகணைக் காலத்தில் தாக்குப்பிடிக்காது என்பதும் நாட்டின் வாதம். மே 4ல் ஒரே ஒரு எக்ஸோசெட் ஏவுகணை ஷெபீல்டு என்ற டெஸ்ட்ராயரை எரித்தது. கடற்படை அந்த வாதத்தைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். போர் ஜெயித்ததும் அவர்கள் சொன்னது எல்லாமே சரி என்று ஆகிவிட்டது, அதுவும் தப்பு.

இன்வின்சிபிள் விற்பனை ரத்தானது. எண்டியூரன்ஸ் தப்பியது. சாத்தம் மட்டும் 1984ல் மூடப்பட்டது. ஹெர்மிஸை நாம் வாங்கினோம், 1986ல். ஐஎன்எஸ் விராட் என்று பெயர் மாற்றி 1987லிருந்து 2017 வரை, முப்பது வருஷம் ஓட்டினோம்.