மேற்கூடில்லாத மோட்டார் வண்டி

டென்மார்க்கு நாட்டு லெகோ நிறுவனத்தார் 1977ஆம் ஆண்டிலே, விளையாட்டுக் கட்டைகளால் அமைக்கும் மோட்டார் வண்டியொன்றை வெளியிட்டனர். அதற்கு மேற்கூடு கிடையாது, வெறும் அடிச்சட்டமே. சுக்கானைத் திருப்பினால் முன்சில்லுகள் திரும்பும்; வண்டியை உருட்டினால் பிஸ்டன்கள் ஏறியிறங்கும். 1980இல் வந்த வண்டியிலே டிபரென்ஷியலும் சேர்ந்தது. வளைவிலே வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லினும் விரைந்து சுழல வேண்டுமன்றோ? பாடநூல் பக்கம் பக்கமாய் விளக்கும் இதனை, ஒரு சில்லைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுழற்றியே பிள்ளை அறிந்துகொள்ளலாம்.

2018இல் வெளியான புகாட்டி சிரோனுக்கோ 3,599 துண்டுகள்! எட்டு வேகப் பற்சில்லுப் பெட்டியும் உண்டு. ஆயின், அழகிய மேற்கூட்டைப் பூட்டியதும் அப்பெட்டி கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. (விலையைக் கேளாதிருப்பதே நலம்.) வடிவமைத்தவர்களின் திறமையை நாம் மறுக்கவில்லை, எனினும் இத்தகைய வண்டி விரைவிலே அலுமாரிக்குள் ஏறிவிடும் என்றே அஞ்சுகிறோம்.

வழிகாட்டி நூலின்படி ஒருமுறை கட்டட்டும். பின்னர் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு, 8 பற்களுள்ள சில்லு 24 பற்களுள்ள சில்லைச் சுழற்றுமாறு பிள்ளை தானே ஒன்றை அமைக்கட்டும். சிறியது மூன்று முறை சுழலப் பெரியது ஒருமுறை சுழலும். வேகம் குறைந்து வலு கூடும். முதல் முயற்சியிலே பற்கள் இறுகி நின்றுவிடவுங் கூடும். பெற்றோரே, அப்பொழுது உதவிக்கு ஓடாதீர்கள்.