எத்தனை இஞ்ச் என்று கேட்காதீர்கள்

ஸ்க்ரோல் சா வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை இஞ்ச்?” பிளேடுக்கும் பின்னால் இருக்கும் கழுத்துக்கும் இடையில் உள்ள தூரம் அது. 16 இஞ்ச் மெஷினில் 32 இஞ்ச் அகலப் பலகையின் நடு வரைக்கும் அறுக்கலாம். உதியன்குளங்கரைப் பக்கம் பொழுதுபோக்குக்கு மரவேலை செய்கிற யாருக்கு அவ்வளவு பெரிய பலகை வேண்டும்? வீட்டுப்பேர்ப் பலகை, ஒரு பிள்ளையார், பேரப்பிள்ளைக்கு யானை. அதற்கு 16 இஞ்சே தாராளம்.

கேட்க வேண்டியது, பிளேடை எப்படிப் பிடிக்கிறது என்று. பிளேடில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் நீளம் 5 இஞ்ச்தான். ஒன்றில் இரு நுனியிலும் குறுக்கே சிறு பின் இருக்கும், மாட்டுவது சுலபம். ஆனால் உருவத்தின் உள்ளே அறுக்க, முதலில் துளை போட்டு அதற்குள் பிளேடை நுழைக்க வேண்டும். பின்னும் சேர்ந்து நுழைய வேண்டுமென்றால் துளை பெரிதாகிவிடும். பிள்ளையாருக்கு அம்பாசிடர் காரின் ஹெட்லைட் மாதிரிக் கண்! பின் இல்லாத 5ஆம் நம்பர் பிளேடின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்குள். ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும். விலை குறைந்த மெஷின்களிலேயே இரண்டையும் பிடிப்பவை உண்டு. பின் பிளேடு மட்டும் ஏற்பது பாதி விலைக்குக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்தது நடுக்கம். பழைய கனமான 5 ரூபாய் நாணயத்தை மேசைத் தட்டில் விளிம்பில் நிறுத்தி மெஷினை ஓட்டச் சொல்லுங்கள். குறைந்த வேகத்திலேயே விழுந்தால் யோசிக்க வேண்டும். கனமான பெஞ்சில் போல்ட் போட்டு இறுக்கினால் சுமாரான மெஷினும் கொஞ்சம் அடங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி அவசியம். நிமிடத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை என்றால் நமக்கு நிறைவு. வாட்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த மெஷின் அதிகம் தின்பதில்லை.

நம் ஊரில் இன்னொரு வழி உண்டு: வெளிநாட்டில் இருக்கும் மருமகனிடம் சொல்லி வரவழைப்பது. துபாயிலிருந்து வந்தால் பிளக்கை மாற்றினால் தீர்ந்தது, அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டும். வோல்ட்டை அது சரிசெய்யும், ஹெர்ட்ஸை மாற்றாது. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். அன்பளிப்பு என்று வாங்கிக்கொள்ளலாம், காசு கொடுத்து வேண்டாம்.

மரத்துக்கு அலைய வேண்டியதில்லை. அயினியும் பிலாவும் ரப்பரும் சுற்றிலும் நிற்கின்றன. ஈர்ச்ச மில்லில் கழித்துப்போட்ட துண்டுகளே பல மாதத்துக்குக் காணும். ரப்பர் பலகை மட்டும் மருந்தில் ஊறவைத்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு இடவப்பாதி மழையிலேயே நீலம் பூத்து, வண்டும் வந்துவிடும். என் கட்சி பிலா. அறுக்கும்போது மஞ்சள், வெயிலும் காற்றும் பட்டு மெல்லச் சிவந்து பழுப்பாகும். சாயம் பூச வேண்டாம். மார்த்தாண்டவர்மா பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்கிற அம்மச்சிப் பிலாவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோவிலில் இருக்கிற ஊர்க்காரன் வேறெந்தக் கட்சியில் சேர முடியும்? தேக்கில் மணல்சத்து உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். முதல் வேலைக்கு அது வேண்டாம்.

இதெல்லாம் ஒத்துவருமா என்று சந்தேகம் இருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வில் மாதிரியான கை வாளில் ஆரம்பியுங்கள். அதிலும் இதே 5 இஞ்ச் பிளேடுதான். பின்னால் மெஷின் வாங்கினாலும் மிச்சப் பிளேடுகள் வீணாகாது. எண்ணெய்த் துணியில் சுற்றி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் வெளியே கிடந்தால் துருப்பிடித்துவிடும்.