ஓட்டுப் போட்டவர்களைக் கேளுங்கள்!

உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்தாலே கட்சிக்காரங்க சொல்ற விளக்கத்தைக் கேட்டா எனக்குச் சிரிப்புதான் வரும்.

2021 அக்டோபரில் எங்கள் கள்ளக்குறிச்சி உட்பட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெரும்பாலான இடங்களை தி.மு.க. பிடித்தது. தங்கள் 5 மாத ஆட்சிக்குக் கிடைத்த நற்சான்று என்றது ஆளுங்கட்சி. முறைகேட்டால் வந்த வெற்றி என்றது அ.தி.மு.க. ஓட்டுப் போட்ட நம்மை யார் கேட்டாங்க?

கிராமத்தில் நம் கையில் தருவது 4 சீட்டு. மாவட்டக் கவுன்சிலருக்கான மஞ்சள் சீட்டிலும், ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டிலும்தான் கட்சிச் சின்னம். ஊராட்சித் தலைவருக்கான ரோஸ் சீட்டிலும், வார்டு உறுப்பினருக்கான வெள்ளைச் சீட்டிலும் பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி பொதுச் சின்னங்களே. அங்கே ஜெயித்தவரையும் 'நம்ம ஆள்' என்று கணக்கில் சேர்ப்பது என்ன நியாயம்?

கல்வராயன் மலையில் இருக்கும் பெண், குழாயில் தண்ணி வருதா, பிரசவ வலி வந்தால் வண்டி வருமா என்று பார்த்துத்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பாள். அதைக் கோட்டைக்கான தீர்ப்பாக மாற்றிவிட்டால், அவள் கேட்ட தண்ணியும் ரோடும் யார் காதில் விழும்? உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அலைந்து வேலை பார்க்கும் பெண் தலைவரின் பேரும் கட்சிக் கணக்கில் கரைந்துபோகிறதே!

தோழிகளே, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. அன்று அடுப்படியை விட்டு ஒரு மணி நேரம் போய் உட்காருவோம். எதற்காக ஓட்டுப் போட்டோம் என்பதை நாமே எழுந்து சொல்வோம்.

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.