இயற்கையே பார்த்துக்கொள்ளும் என்றால் அரிவாள் எதற்கு?

"சிவப்பான பெண்ணைப் பிடிப்பது ஆணின் மரபணுவிலேயே இருக்கிறது தோழர், இதில் சாதி எங்கே வந்தது?" என்று ஒரு தம்பி கேட்டார். யூடியூபில் பரிணாம உளவியல் படிப்பவர். இடுப்பளவு, தாடையெலும்பு, கட்டைக்குரல் என எல்லாவற்றுக்கும் கற்காலத்திலிருந்து ஒரு காரணம் எடுத்துத் தருகிறார். பிரம்மாவின் முகத்திலும் காலிலும் தேடியதை இப்போது குகையில் தேடுகிறார்கள்.

இந்த 'அறிவியல்' எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2011 மே மாதம், லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த சதோஷி கனசாவா, கறுப்பினப் பெண்கள் மற்ற பெண்களைவிட அழகு குறைந்தவர்கள் என்று 'சைக்காலஜி டுடே' தளத்தில் எழுதினார். அளந்து பார்த்தாராம். எதை வைத்து? அமெரிக்க இளையோர் நலம் குறித்த ஓர் ஆய்வில், கேள்வி கேட்கப் போன பணியாளர்கள் எதிரில் இருந்தவரின் தோற்றத்துக்குப் போட்ட மதிப்பெண்ணை வைத்து! அமெரிக்க நிறவெறிக்குள் வளர்ந்த கண்கள் போட்ட மார்க், இயற்கை போட்ட மார்க் ஆகிவிட்டது. அதே தரவை ஸ்காட் பேரி காஃப்மனும் ஜெல்ட் விச்சர்ட்ஸும் மறுபடி ஆராய்ந்தபோது, வயதுவந்த பெண்களிடம் அந்த வேறுபாடே நிற்கவில்லை. கட்டுரையும் தளத்திலிருந்து தூக்கப்பட்டது.

இடுப்புக் கதையும் அப்படித்தான். பெண்ணின் இடையளவு இடுப்பளவில் 0.7 பங்கு இருந்தால் ஆணுக்குப் பிடிக்கும் என்று 1993இல் தேவேந்திர சிங் எழுதினார். உலகம் முழுக்க இதுதான் விதி என்று பரப்பினார்கள். டக்ளஸ் யூ, கிளென் ஷெப்பர்ட் இருவரும் பெரு நாட்டுக் காட்டில், வெளியுலகத் தொடர்பு குறைந்த மட்சிகெங்கா மக்களிடம் அதே படங்களைக் காட்டினார்கள். அங்கே விருப்பம் வேறாக இருந்தது. பருத்த உடலைத்தான் விரும்பினார்கள். வெளியுலகத்தோடு பழகப் பழக அமெரிக்க ரசனை தொற்றியிருந்தது. 1998இல் 'நேச்சர்' இதழில் வந்தது இது. தம்பி பார்க்கும் சேனலில் ஏனோ வரவில்லை.

நாம் டார்வினை மறுக்கவில்லை. டார்வினை முழுசாகப் படி என்கிறோம். கொளுத்தும் வெயிலில் புற ஊதாக் கதிரிலிருந்து உடலைக் காக்கப் பரிணாமம் கொடுத்ததுதான் கருப்புத் தோல். அதைக் குறையென்று சொல்லி 1975 முதல் கிரீம் விற்றது பரிணாமம் இல்லை, கம்பெனி. 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது, அவ்வளவுதான்.

சரி, துணையை ஈர்ப்புதான் தேர்ந்தெடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் இந்தியத் திருமணங்களில் சாதி கடந்தவை சுமார் 5 விழுக்காடு மட்டும் ஏன்? அகமணமே சாதியின் அடிப்படை என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே நியூயார்க்கில் எடுத்து வைத்தாரே! ஈர்ப்பு சாதி பார்ப்பதில்லை என்பது சாதிவெறியனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் காவல் போடுகிறான். 2016 மார்ச் 13, பட்டப்பகலில் உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டினார்கள். சங்கரும் கௌசல்யாவும் ஒருவரை ஒருவர் விரும்பியது இயற்கை இல்லையா? எந்தக் குகை மனிதன் அந்த அரிவாளைக் கொடுத்தான்?

அந்தத் தம்பியின் அக்காவுக்கு வரன் பார்க்கிறார்கள். விளம்பரத்தைக் காட்டினார். முதலில் சாதி, அடுத்து உட்பிரிவு, நட்சத்திரம், சம்பளம்; கடைசியில் 'சிவந்த நிறம்'. தாடையெலும்பு, கட்டைக்குரல் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.