குடிக்கத் தகுந்த நீர் செடிக்கும் தகுந்ததுதானா? பெங்களூர்க் குழாய்களை முன்வைத்து

2024 மார்ச் மாதம் பெங்களூர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. வாகனம் கழுவுதல், தோட்டத்துக்குப் பாய்ச்சுதல், கட்டுமானப் பணி, அலங்கார நீரூற்று ஆகியவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 5000 ரூபாய் தண்டம். ஆழ்துளைக் கிணறுகள் வரிசையாக வறண்டு, தண்ணீர் லாரியின் விலை ஏறிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் நகரத்தின் பேச்சு முழுவதும் செடிக்கு நீர் ஊற்றுவதற்கு உரிமை உண்டா என்பதைச் சுற்றியே நின்றது. அந்த நீர் செடிக்கு உகந்ததா என்ற கேள்வியை ஏறத்தாழ யாரும் எழுப்பவில்லை. குடிக்கத் தகுந்த நீர் செடிக்கு நிச்சயம் தகுந்ததாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வேதியியல் நோக்கில் இந்த நம்பிக்கைக்கு அடிப்படை எதுவும் இல்லை.

முதலில் ஒரு வீண் அச்சத்தை ஒதுக்கிவிடலாம். குழாய் நீரில் குளோரின் இருக்கிறது, அது செடியைக் கொன்றுவிடும், ஆகவே வாளியில் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்து மறுநாள் ஊற்ற வேண்டும் என்ற அறிவுரை வீட்டுத்தோட்டக்காரர்களிடையே ஓயாமல் சுற்றிவருகிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500, நுகர்வோரின் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. இந்த அளவிலான குளோரின் தொட்டி மண்ணின் மேற்பரப்பிலுள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்து சிறிது நேரத்திலேயே செலவாகிவிடும். வேர் வரை அது போய்ச் சேர்வதே அரிது. ஓர் இரவு வைப்பதால் குளோரின் ஓரளவு வெளியேறும் என்பது உண்மைதான். ஆனால் செடிக்கு உண்மையில் தீங்கு செய்யும் உப்புகள் எங்கும் போவதில்லை. நீர் ஆவியாகும் அளவுக்கு அவற்றின் செறிவு கூடத்தான் செய்கிறது. (வாளியை மறந்து ஒரு வாரம் பத்து நாள் விட்டுவிட்டால் ஏடிஸ் கொசு ஒரு தலைமுறையை முடித்துவிடும் என்பது மாநகராட்சியின் தனிக் கவலை.)

அடுத்ததாக, பெங்களூரில் 'குழாய் நீர்' என்று ஒரே பொருள் கிடையாது. ஒரே தெருவில் மூன்று, நான்கு வகை நீர் ஓடுகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர் ஒன்று. அது ஆற்று நீர், உப்பு குறைவு, செடிக்கு ஏறக்குறைய எந்த ஐயமும் இன்றி ஊற்றலாம். காவிரி எட்டாத புறநகரின் ஆழ்துளைக் கிணற்று நீர் மற்றொன்று. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிக் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் ஆகியவற்றைச் சுமந்து வருவது. எந்தக் கிணற்றில் நிரப்பியது என்று யாருக்கும் தெரியாத லாரி நீர் மூன்றாவது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மென்னீராக்கி வழியாக வரும் நீர் நான்காவது. இவை எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து, "குழாய் நீர் செடிக்கு நல்லதா?" என்று கேட்டால் விடை கிடைக்காது.

கடின நீரைப் பற்றி ஒரு சொல். அதற்கு இருக்கும் கெட்ட பெயர் முழுவதும் நியாயமானதல்ல. சோப்பு நுரைக்காது, குழாய் முனையில் வெள்ளைப் படிவு சேரும், கெய்சர் கெடும். இவை மனிதரின் தொல்லைகள். செடியின் பார்வையில் கால்சியமும் மெக்னீசியமும் ஊட்டப்பொருள்கள். கிராமத்துக் கிணற்று நீரில் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் வளர்ந்திருக்கிறது என்று முதியவர்கள் சொல்வது பொய்யன்று. அந்தத் தோட்டம் தரையில் இருந்தது. ஆண்டுதோறும் மழை பெய்து வேர்மண்டலத்தில் சேர்ந்த உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போனது. கடின நீரால் வரும் உண்மையான கேடு பைகார்பனேட்டில் இருக்கிறது. அது தொட்டி மண்ணின் காரத்தன்மையை மெல்ல உயர்த்த, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறிய செம்பருத்தி, இட்லிப்பூ, ரோஜா இலைகளை மாநகரின் எந்தப் பால்கனியிலும் காணலாம். வீட்டார் உரம் போதவில்லை என்று கருதி மேலும் உரம் இடுகிறார்கள். உரமும் உப்புதான்.

பால்கனித் தொட்டி தோட்டத்தின் சிறிய வடிவம் அல்ல. அது வேறொரு நிலவியல். மேலே கூரை இருப்பதால் அதன்மேல் மழை விழுவதில்லை. கீழ்வீட்டுக்காரரின் துணியில் சொட்டக் கூடாது என்பதற்காக அடியில் தட்டு வைக்கப்படுகிறது. வடிந்த உப்புநீர் அந்தத் தட்டிலேயே தேங்கி, மீண்டும் மண்ணால் உறிஞ்சப்படுகிறது. குடியிருப்போர் சங்கம் வகுத்த விதி, பாலைவனத்து உப்பளத்தின் நிலைமையை ஒரு பூந்தொட்டிக்குள் உருவாக்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது. கணக்கு எளியது. லிட்டருக்கு 800 மில்லிகிராம் கரைந்த உப்புள்ள நீரை நாளொன்றுக்கு அரை லிட்டர் ஊற்றினால் ஓராண்டில் அந்தத் தொட்டிக்குள் 146 கிராம் உப்பு சேர்கிறது. 200 மில்லிகிராம் உள்ள நீராக இருந்தால் 36 கிராம் அளவே. இதில் ஒரு பகுதியைச் செடி எடுத்துக்கொள்ளும், ஒரு பகுதி சுண்ணாம்பாகப் படியும். சோடியமும் குளோரைடும் அப்படியே நிற்கும். குடிநீர்த் தரநிலையோ கரைந்த திண்மங்களுக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க எல்லையாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 2000 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. குடிக்க அனுமதிக்கப்பட்ட அந்த 2000, பீன்ஸ், கேரட், ஸ்ட்ராபெர்ரி போன்ற உப்பு தாங்காத பயிர்களுக்கு நஞ்சுக்கு நிகர்.

இனி மென்னீராக்கி. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் பெரிய குடியிருப்புகளில் இது இப்போது ஏறக்குறைய மின்தூக்கியைப் போல இயல்பான வசதியாகிவிட்டது. விளம்பரங்கள் அதை நீரைத் 'தூய்மைப்படுத்தும்' கருவி என்கின்றன. அது எதையும் நீக்குவதில்லை, மாற்றுகிறது. பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகளைப் புதுப்பிக்க மூட்டை மூட்டையாகச் சமையலுப்பு கொட்டப்படுகிறது. லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள கிணற்று நீர் என்று வைத்துக்கொண்டால் அது 12 மில்லிச் சமானம். அதை முழுவதும் மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 276 மில்லிகிராம் சோடியம் புதிதாக வந்து சேர்கிறது.

பாசன நீரியல் இதை அளக்க நெடுங்காலமாகவே கருவிகளை வைத்திருக்கிறது. அமெரிக்க உவர்மண் ஆய்வகம் 1954இல் வெளியிட்ட 60ஆம் எண் கையேடு சோடியம் உறிஞ்சு விகிதத்தைப் பாசன நீரின் முதன்மை அளவுகோல்களில் ஒன்றாக்கியது. மேலே சொன்ன கிணற்று நீரில் முன்பே 4 மில்லிச் சமானம் சோடியம் இருப்பதாகக் கொண்டால் அந்த விகிதம் ஏறத்தாழ 1.6. மென்னீராக்கியைத் தாண்டி, கடினத்தன்மையில் 0.4 மில்லிச் சமானம் மட்டுமே மிஞ்சியிருக்கும்போது அது 35 அளவுக்குத் தாவுகிறது. அந்தக் கையேட்டின்படி 26ஐத் தாண்டினாலே மிகு சோடிய வகுப்பு. எஞ்சிய சோடியம் கார்பனேட் என்ற மற்றோர் அளவிலும் இதே கதைதான். 8 மில்லிச் சமானம் பைகார்பனேட் உள்ள அந்த நீர் முன்பு எதிர்க்குறியில் இருந்தது. மென்மையாக்கிய பின் 7.6. பாசனத்துக்கு 2.5க்கு மேல் ஆகாது என்பது பாடநூல் எல்லை. அதாவது ஹரியானாவிலோ ராஜஸ்தானிலோ ஓர் உழவர் இந்த நீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், ஜிப்சம் இடாமல் வயலுக்குப் பாய்ச்சாதீர்கள் என்று எழுதித் தந்துவிடுவார்கள். கர்னாலில் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தச் சிக்கலைத்தான் ஆராய்ந்துவருகிறது. அதே நீர் பன்னிரண்டாம் மாடியில் துளசிக்கு ஊற்றப்படும்போது கேட்பாரில்லை.

இதில் வேதனையான நகைச்சுவை என்னவென்றால், வீட்டில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் இந்த மாற்றத்தைக் காட்டவே காட்டாது. கால்சியம் போய்ச் சோடியம் வந்தால் கரைந்த திண்மங்களின் மொத்தம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். எண் மாறவில்லை, நுரை நன்றாக வருகிறது; ஆகவே நீர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டப்படுகிறது. செம்மண் கலந்த தொட்டியில் களித்துகள்கள் பிரிந்து மேற்பரப்பு இறுகி, ஊற்றிய நீர் உள்ளே இறங்காமல் நிற்கும்போதுகூடப் பழி மண்ணின் மேலோ தோட்டக்காரரின் மேலோதான் விழுகிறது. குடிநீர்த் தரநிலையிலும் துணை கிடைப்பதில்லை: ஐ.எஸ். 10500 அட்டவணைகளில் சோடியத்துக்கென ஓர் எல்லையே வகுக்கப்படவில்லை.

ஆர்.ஓ. கருவி ஒதுக்கித் தள்ளும் நீரைச் செடிக்கு ஊற்றுவது இன்று சுற்றுச்சூழல் அக்கறையின் அடையாளமாகப் பாராட்டப்படுகிறது. உள்ளே வரும் நீர் காவிரி நீரானால் பாராட்டலாம் (அந்த நீருக்கு ஆர்.ஓ. எதற்கு என்பது வேறு கேள்வி). 600 மில்லிகிராம் உப்புள்ள நீரில் கால் பங்கு மட்டும் குடிநீராகப் பிரிந்தால் ஒதுக்கு நீரில் 780 வரை ஏறிவிடும். தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அது போதும். மூடிய பால்கனியில் உள்ள தொட்டிக்கு நாள்தோறும் அது வேண்டாம்.

வாரியத்தின் ஆணைக்குத் திரும்பினால், அதன் நோக்கத்தில் குறை காண இயலாது. இத்தனை மின்சாரம் செலவழித்து மேடேற்றிய நீரைப் புல்வெளியில் தெளிப்பது பற்றாக்குறைக் காலத்தில் அறமன்று. ஆனால் 'தோட்டம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குடியிருப்பின் அலங்காரப் புல்தரையும், ஒரு வீட்டுச் சன்னலோரக் கொத்தமல்லியும் ஒன்றாக அடைபட்டுவிட்டன. பச்சையாக உண்ணும் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் சலவை நீரையோ சுத்திகரித்த கழிவுநீரையோ பரிந்துரைப்பது சரியல்ல. சலவைத்தூளும் சோடியம்தான், நோய்க்கிருமி அச்சமும் உண்டு. இருபது தொட்டிகளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் நீர் ஒரு குடும்பத்தின் ஒரு குளியலில் மிச்சப்படுத்தக்கூடியது. புல்தரைக்கோ அந்தக் கணக்கு பொருந்தாது. சுத்திகரித்த நீர் அங்கேதான் போக வேண்டும். அங்கும் உயிரியல் சுத்திகரிப்பு கரைந்த உப்பை நீக்காது என்பதால், மென்னீராக்கியின் சோடியம் சுற்றி வளைத்துப் புல்லின் வேருக்கே வந்துசேரும்.

மழைநீர் பற்றிய உபதேசத்துக்கும் ஓர் அளவு வேண்டும். பெங்களூரின் ஆண்டு மழை ஏறக்குறைய 970 மில்லிமீட்டர். பத்துச் சதுர மீட்டர் கூரையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 7,700 லிட்டருக்கு மேல் கிடைக்கும். இருபது தொட்டிகளின் ஆண்டுத் தேவை 3,650 லிட்டர்தான். தாளில் இது அருமையான கணக்கு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை பெரும்பாலும் இல்லை என்பதால் 1,800 லிட்டரைச் சேமிக்க இடம் வேண்டும். இரண்டு அறை வாடகை வீட்டில் அந்த இடம் எங்கே? எனவே மழைநீரை முழுப் பாசனமாக நினைக்காமல் கழுவும் நீராக நினைப்பது மேல். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான மழைநீரையோ, குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரையோ, காவிரி நீரையோ மெல்ல ஊற்றி, தட்டில் வடிந்ததைக் கொட்டிவிட்டால் உப்பில் பெரும்பகுதி போய்விடும். மென்னீரால் இறுகிய மண்ணாக இருந்தால் முதலில் சிறிது ஜிப்சம் தூவ வேண்டும். புதிய தென்னைநார்க் கழிவில் நடுவதற்கு முன் அதையும் நல்ல நீரில் அலசியாக வேண்டும். அதில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் உண்டு.

கல்விப்புலம் இதில் ஒதுங்கி நிற்பது வியப்பளிக்கிறது. வேளாண் பல்கலைக்கழகங்கள் உழவரின் கிணற்று நீரைச் சோதிக்கின்றன. நகர வாரியங்கள் மனிதர் குடிப்பதற்காகச் சோதிக்கின்றன. நாட்டின் நகரங்களில் இலட்சக்கணக்கான தொட்டிகளுக்குப் போகும் நீர் இரண்டு துறைகளுக்கும் இடையில் விழுந்துகிடக்கிறது. இதற்குப் பெருந்திட்டமோ நல்கையோ தேவையில்லை. இளநிலை வேதியியல் ஆய்வகங்களில் இ.டி.டி.ஏ. தரம்பார்த்தல் ஆண்டுதோறும் நடக்கிறது; சோடியத்தை அளக்கும் சுடர் ஒளிமானி பல கல்லூரிகளில் பெரும்பாலும் உறையிட்டு மூடியே கிடக்கிறது. ஆய்வகம் தரும் அநாமதேயக் கரைசலுக்குப் பதிலாக, மாணவர்கள் தங்கள் குடியிருப்பில் மென்னீராக்கிக்கு முன்னும் பின்னும் பிடித்த இரண்டு புட்டி நீரைக் கொண்டுவந்தால் ஒரு பருவத்துக்குள் ஒரு நகரின் சோடிய வரைபடமே கிடைத்துவிடும்.

குடியிருப்புகள் செய்யக்கூடியது இன்னும் எளிது. மென்னீராக்கிக்கு நீர் நுழையும் முன்பே ஒரு கிளைக்குழாய் பிரித்து, மாடிக்கொரு தனிக் குழாயாகவோ, அது இயலாவிட்டால் தரைத்தளத்தில் ஒன்றாவதோ வைத்துவிடலாம். மேலைநாட்டு வீடுகள் பலவற்றில் முற்றத்துக் குழாயை மென்னீர் இணைப்பிலிருந்து விலக்கி வைப்பது பழைய வழக்கம். கட்டும்போதே செய்தால் சில மீட்டர் குழாயும் ஒரு வால்வும்தான் செலவு; கட்டி முடித்த பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.