இலவசம் என்றால் இளப்பமா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் சின்னத் தோல் பட்டறையிலும் இன்று கூலிக் கணக்கும் பில்லும் கம்ப்யூட்டரில்தான்! அதற்கான 'மைக்ரோசாப்ட் ஆபீசு'க்குப் பணம் கட்ட வேண்டும். திருட்டுப் பிரதி போட்டால் குற்றம்.

காசே கேட்காத 'லிப்ரே ஆபீஸ்' 2010 முதல் இருக்கிறது. கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம். தமிழிலும் உண்டு.

பிறகு ஏன் தயக்கம்? பழக்கம்தான்! பெரிய கம்பெனி அனுப்பும் பட்டியல், அதில் சில வேளை கட்டம் மாறித் தெரிகிறது. இது உண்மையான குறை.

ஆனால் முடியாத காரியமா? 2007-ல் தமிழக அரசின் எல்காட் நிறுவனம், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, லிப்ரே ஆபீசுக்குத் தாயான 'ஓப்பன் ஆபீசு'க்கு மாறியது. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இலவச மென்பொருளில்தான் பழகுகிறார்கள்.

ஐந்தில் வளைந்தால்தானே ஐம்பதில் வளையும்? நம் பிள்ளைகளுக்கு இரண்டையும் கற்றுக் கொடுப்போம். பிறகு பாருங்கள், போட்டியை!